அளந்தாயிற்று, அடுத்து என்ன?

கோத்தா கோலா மூடா வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்தகுதிச் சோதனையின் எண்கள் யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. பள்ளி மண்டபத்தின் ஓரத்தில் வைத்த ஒலிபெருக்கி நிமிடத்துக்கு 96 முறை ‘டக், டக்’ என்று தட்டுகிறது. ஒரு தட்டுக்கு ஒரு கால். நான்கு தட்டுக்கு ஒரு சுற்று, நிமிடத்துக்கு 24 சுற்று. பலகையின் உயரம் 30 சென்டிமீட்டர். மொத்தம் மூன்று நிமிடம். முதல் நிமிடத்தில் பிள்ளைகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இரண்டாம் நிமிடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. மூன்றாவது நிமிடத்தில் பின்வரிசைச் சிறுமி ஒருத்தியின் கால் தட்டுக்குப் பிந்துகிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடிக்கிறாள்.

“போதும், நில்லுங்க. கழுத்துல கையை வைங்க” என்கிறார் உடற்கல்வி ஆசிரியர். எல்லாரும் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடுகிறார்கள். “சார், எனக்குத் துடிக்கவே இல்ல சார்” என்று ஒரு பையன் பதறுகிறான். ஆசிரியர் அவன் விரலைப் பிடித்து அரை அங்குலம் நகர்த்தி வைக்கிறார். பையனின் முகம் மலர்கிறது. தன் இதயம் அடிப்பதை அவன் எண்ணிப் பார்ப்பது அநேகமாக அதுதான் முதல் தடவை.

இதற்குப் பெயர் செகாக். மலேசியப் பள்ளி மாணவர்களுக்கான தேசிய உடற்தகுதித் தரம் என்பதன் மலாய்ச் சுருக்கம். 2008-இல் கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பி நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தியது, 2016-இல் திருத்தியது. நான்காம் ஆண்டு தொடங்கி ஐந்தாம் படிவம் வரை, ஏறக்குறைய 10 வயது முதல் 17 வயது வரை, ஒவ்வொரு மாணவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை இந்தச் சோதனை உண்டு. பலகை ஏறி இறங்குவது இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கு. ஒரு நிமிடம் தண்டால் எடுப்பது கைக்கும் தோளுக்கும். பெண்பிள்ளைகள் முழங்காலைத் தரையில் ஊன்றிச் செய்யலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, பாதி எழுந்து படுப்பது வயிற்றுத் தசைக்கு. காலை நீட்டி உட்கார்ந்து குனிந்து விரலால் எட்டுவது உடல் வளைவதற்கு. ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி, மொத்தம் 20. இவற்றோடு எடையும் உயரமும் அளந்து பி.எம்.ஐ. கணக்கிடுகிறார்கள்.

நான் பேசிய பெற்றோரில் பலருக்கு இப்படி ஒரு சோதனை நடப்பது தெரியும். பிள்ளைக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் தெரியாது. கணிதத்தில் எத்தனை, மலாய் மொழியில் எத்தனை என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணை எடுத்து, இதற்கு என்ன பொருள் என்று அவர்கள் முன் வைத்து யாரும் பேசியதில்லை. அளவெடுப்பு ஒழுங்காக நடக்கிறது. மதிப்பெண் அமைச்சின் கணினிக்குள் போகிறது. எந்தக் குழந்தையின் உடலில் எடுத்த எண்ணோ, அந்தக் குழந்தைக்கும் அதன் வீட்டுக்கும் அது பொருளோடு திரும்பி வருவதில்லை. இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அதுதான்.

லயமும் தாமானும்

மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கெடாவின் கோத்தா கோலா மூடா. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அடிபட்ட மீனவர் ஊர். உடைந்த படகுகளை வைத்துக் கட்டிய நினைவுச் சின்னம் இன்றும் அங்கே உண்டு. கரையை விட்டு உள்ளே வந்தால் தீக்காம் பத்து, சுங்கை பட்டாணி, பீடோங் என்று ஒரு காலத்தில் பால்மரம் நெருங்கி நின்ற நிலம். இந்த வட்டாரத் தமிழர் வாழ்க்கை அந்தத் தோட்டங்களிலிருந்து தொடங்கியது. இன்று பல தோட்டங்கள் செம்பனையாக மாறிவிட்டன. சில, தாமான் எனும் வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. பள்ளிக்கூடங்களின் பெயரில் மட்டும் தோட்டம் எனப் பொருள்படும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் தாமானிலிருந்து வேனில் வருகிறார்கள், வேனில் போகிறார்கள்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். செம்மண் சாலையில் பள்ளிக்கு நடை, பள்ளி விட்டதும் பந்து, ஏழுகல், கால்வாயில் நீச்சல். விளக்கு வைக்கும் வரை வீட்டில் தங்காத காலம் அது. “அந்தக் காலத்துப் புள்ளைங்க இரும்பு மாதிரி” என்பார்கள். அந்தப் பேச்சை நான் பாதிதான் ஏற்பேன். அன்றைய பிள்ளைகள் நிறைய ஓடினார்கள், உண்மை. அதே பிள்ளைகளுக்குத்தான் கொக்கிப்புழுவும் சோகையும் இருந்தன; ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பலர் வயதுக்கேற்ற உயரம் வளரவில்லை. ஓடத் தெரிந்த உடலுக்குச் சாப்பாடு போதவில்லை. இன்றைய பிள்ளைக்குச் சாப்பாடு தட்டாமல் கிடைக்கிறது, ஓட இடமும் நேரமும் இல்லை. உடற்தகுதியும் ஆரோக்கியமும் ஒன்றையொன்று ஒட்டியே வரும் என்று நினைப்பது தவறு. இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும்.

உடம்பைப் பயிற்றுவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. உலகப் போர் முடிந்த கையோடு, 1946, 47-இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. தோட்டத்து இளைஞர்களைத் திடலில் நிறுத்தி அணிவகுப்புப் பயிற்சி கொடுத்தது. கள்ளை விட்ட உடம்பு, நிமிர்ந்து நிற்கிற உடம்பு, கூலி உயர்வு கேட்கத் துணிந்த உடம்பு என்று அவர்கள் கண்ட தொடர்பு எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. 1947-இல் அந்த இயக்கம் ஒடுக்கப்பட்டது. வரலாற்று ஆய்வாளர்கள் அதைத் தொழிலாளர் போராட்டமாக எழுதியிருக்கிறார்கள். தோட்டத் தமிழன் தன் உடலைத் தானே பொறுப்பேற்றுக்கொண்ட ஒரு தருணமாகவும் அதை நான் வாசிக்கிறேன்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது

இன்றைய நிலைக்கு வருவோம். சுகாதார அமைச்சு எடுக்கும் தேசிய ஆய்வின்படி 2019-இல், 5 முதல் 17 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். பெரியவர்களில் பாதிப் பேர். அதே ஆய்வில் நீரிழிவு உள்ள பெரியவர்கள் நாடு முழுவதும் 18.3 விழுக்காடு, இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் 31.4. ஏறக்குறைய மூன்றில் ஒருவர். கெடாவில் எந்தத் தமிழர் வீட்டுக் கதவைத் தட்டினாலும் குளிர்ப்பெட்டியில் இன்சுலின் வைத்திருக்கும் தாத்தாவோ, விரல் வெட்டிய பாட்டியோ, வாரத்துக்கு மூன்று நாள் ‘டயாலிசிஸ்’ போகும் சித்தப்பாவோ இருக்கிறார். இந்த நோய் ஐம்பது வயதில் வெளியே தெரிகிறது. அதன் வேர் பிள்ளைப் பருவத்தில் இருக்கிறது.

அதே 2019 ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட மலேசியக் குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்குரிய உயரம் இல்லாதவர்கள். பருமனும் குட்டையும் ஒரே நாட்டில், ஒரே தாமானில், சில வேளை ஒரே குழந்தையிடம். சோறு, மீ, ரொட்டி, இனிப்புத் தண்ணீர் வயிற்றை நிரப்புகின்றன. எலும்பும் தசையும் வளரத் தேவையான முட்டை, மீன், பருப்பு, பால், கீரை போதுமான அளவு உள்ளே போவதில்லை. வறுமையிலும் பருமன் வரும். இது புரியாமல், குண்டாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து “நல்லா சாப்பிடுற வீட்டுப் புள்ள” என்று நினைக்கிறோம்.

ஒரு கிலோ வித்தியாசம்

இனி அந்த பி.எம்.ஐ. எண்ணைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். இந்தக் கணக்கு பெல்ஜியத்துப் புள்ளியியலாளர் அடால்ஃப் கெட்லே 1830-களில் கண்டது. அவர் மருத்துவர் இல்லை. மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதனைத் தேடியவர். நூறு, ஆயிரம் பேரை ஒன்றாகப் பார்க்க அவர் கணக்கு நல்ல கருவி. ஒரு தனிப் பிள்ளையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல அதை அவர் செய்யவில்லை. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ்தான் அதற்கு இன்றைய பெயரை வைத்தார்.

பெரியவர்களுக்கு 25, 30 என்று ஒரே கோடு போடலாம். பிள்ளைகளுக்கு முடியாது, ஏனெனில் வளரும் உடலில் இந்த எண் மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட, வயதும் பாலும் பார்த்த அட்டவணையை வைத்து ஒப்பிடுகிறார்கள். அதன்படி சரியாக 10 வயது ஆன பையனுக்கு நடு எண் 16.4. 18.5-ஐத் தாண்டினால் அதிக எடை, 21.4-ஐத் தாண்டினால் பருமன், 13.7-க்குக் கீழே போனால் மெலிவு.

135 சென்டிமீட்டர் உயரமுள்ள பத்து வயதுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். எடை 33 கிலோ என்றால் அவன் பி.எம்.ஐ. 18.1, இயல்பு. 34 கிலோ என்றால் 18.7; அதிக எடை. இடையில் இருப்பது ஒரே கிலோ. காலணியோடு நிற்கவைத்தாலோ, ஓய்வு நேரம் முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு கோப்பைத் தண்ணீர் குடித்தபின் நிறுத்தினாலோ அந்த ஒரு கிலோ வந்துவிடும். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தவறினாலும் இதே கதிதான்: 33 கிலோவை 133-ஆல் கணக்கிட்டால் 18.7. பெண்பிள்ளையின் உச்சிக்கொண்டை, சுவரில் முழுமையாகப் படாத குதிகால், தாழ்ந்த முகவாய், எல்லாம் அந்த இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும். நாற்பது பிள்ளைகளை ஒரு பாட நேரத்தில் அளந்து முடிக்க வேண்டிய ஆசிரியரிடம் இந்தத் துல்லியத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் அந்த ஒரு நாள் அளவை வைத்துப் பிள்ளைக்கு ஒரு பட்டம் சூட்டுவதும் நியாயமில்லை.

அளவு துல்லியமாக இருந்தாலும், நம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கினும் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் இருவர் படத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2. ஒரே எண்ணுக்குள் இரண்டு வெவ்வேறு உடல்கள். நம் தெற்காசிய உடலில் தசை குறைவாகவும், வயிற்றைச் சுற்றிய கொழுப்பு அதிகமாகவும் சேரும் என்பதை யாஜ்னிக் குழு குழந்தை பிறக்கும் நிலையிலேயே ஆராய்ந்து காட்டியது. ஆசியப் பெரியவர்களுக்கு 23-லேயே எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்று அதே 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் சொன்னது. பிள்ளைகளின் அட்டவணையில் அப்படி ஒரு தனிக் கோடு இல்லை. அந்த அட்டவணைக்கு அடிப்படையே பெரும்பாலும் அமெரிக்கப் பிள்ளைகளின் பழைய அளவுகள்.

ஆகவே “என் மகன் ஒல்லிதான், கவலையில்லை” என்று எந்தத் தமிழ்த் தாயும் அமைதியாக இருந்துவிடக் கூடாது. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. அவர்கள் பி.எம்.ஐ. இயல்பு என்றே காட்டும். ஒரு சாதாரண தையல் நாடா இதைவிடத் தெளிவாகப் பேசும்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 140 சென்டிமீட்டர் பிள்ளைக்கு 70-க்குள். செகாக்கில் இந்த அளவு இல்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பலகையும் வெயிலும்

மற்ற நான்கு சோதனைகளைப் பற்றி எனக்கு நல்ல எண்ணமே அதிகம். எடை பிள்ளையின் கையில் இல்லை. எத்தனை தண்டால் என்பது ஓரளவு அவன் கையில் இருக்கிறது. மூன்று மாதம் ஓடினால் நாடி இறங்கும், அவனே எண்ணிப் பார்க்கலாம். ஆனாலும் இந்த எண்களையும் அறிந்து படிக்க வேண்டும்.

பலகையின் உயரம் எல்லாருக்கும் 30 சென்டிமீட்டர். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அது சாதாரணப் படி. 122 சென்டிமீட்டரில் நிற்கும் அவள் வகுப்புத் தோழிக்கு ஏறக்குறைய முழங்கால் அளவு. குட்டையாக இருப்பவள் ஒவ்வொரு படிக்கும் அதிகம் உழைக்கிறாள், நாடி அதிகம் துடிக்கிறது, புள்ளி குறைகிறது. பல வீடுகளில் குட்டையாக இருப்பதற்குக் காரணம் சத்துக் குறைவு. சிறு வயதில் கிடைக்காமல் போன உணவுக்காகப் பத்து வயதில் அவள் புள்ளியை இழக்கிறாள்.

அடுத்தது வெயில். கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டவை. 2016 ஏப்ரலில் வெப்பம் தாங்காமல் பெர்லிஸ் முழுவதும், கெடாவின் சில மாவட்டங்களிலும் பள்ளிகளையே மூடினார்கள். அந்தப் பருவத்தில் தகரக் கூரை போட்ட திறந்த மண்டபத்தில், காலை பதினொரு மணிக்குப் பலகை ஏறும் பிள்ளையின் நாடி, மழைக்காலக் காலையில் ஏறும் அதே பிள்ளையின் நாடியைவிட வேகமாகத்தான் இருக்கும். உடலைக் குளிர்விக்கவும் இரத்தம் தோலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஆண்டின் இரண்டாம் சோதனையில் புள்ளி கூடினால் அது பயிற்சியின் பலனா, மழையின் பலனா என்று கேட்டே ஆக வேண்டும். இரண்டு சோதனைகளையும் ஒரே நேரத்தில், நிழலில், பிள்ளைகள் தண்ணீர் குடித்தபின் நடத்தினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். செலவு எதுவும் இல்லை.

வயதுக்கு வரும் பருவமும் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு வயதில் சிலருக்குக் கால் எலும்பு முந்திக்கொண்டு நீளும், உடல் பின்தங்கும். குனிந்து எட்டும் சோதனையில் போன ஆண்டு தொட்ட கோட்டை இந்த ஆண்டு தொட முடியாது. அவன் சோம்பேறியாகிவிடவில்லை, வளர்கிறான். ஒரே வகுப்பில் மீசை அரும்பியவனும் பால் முகம் மாறாதவனும் அருகருகே தண்டால் எடுக்கும்போது ஒருவன் எண்ணை இன்னொருவன் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. பிள்ளையை அவனுடைய பழைய அளவோடு மட்டும் ஒப்பிட வேண்டும்.

பிறர் பட்ட பாடு

பள்ளிப் பிள்ளைகளை அளக்கும் ஆசை ஒரு பயத்தில் பிறந்தது. 1953-இல் ஹான்ஸ் கிராவுஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஆறே எளிய அசைவுகளைப் பிள்ளைகளைச் செய்யச் சொன்னார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் ஏதாவது ஒன்றில் தோற்றார்கள். ஐரோப்பியப் பிள்ளைகளில் 9 விழுக்காடுகூட இல்லை. பனிப்போர்க் காலம். அதிபர் ஐசனோவர் அதிர்ந்துபோய் 1956-இல் இளைஞர் உடற்தகுதிக்கு ஒரு மன்றமே அமைத்தார். அதிலிருந்து வளர்ந்த அதிபர் சோதனை பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகளை வகுப்புக்கு முன் கம்பியில் தொங்கவிட்டது. 2012-13-இல் அதைக் கைவிட்டார்கள். 2025-இல் அதிபர் டிரம்ப் ஆணையிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்.

நமக்கு நெருங்கிய பாடம் ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம். சிங்கப்பூர் 1992-இல் ‘டிரிம் அண்ட் ஃபிட்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்களைத் தனியே பிரித்து, பல பள்ளிகளில் ஓய்வு நேரத்திலும் பள்ளி தொடங்கும் முன்பும் ஓடவைத்தார்கள். எடை மிகுந்தோர் விகிதம் குறையத்தான் செய்தது. ஆனால் சகமாணவர் பார்க்க அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் கிண்டலைச் சுமந்தார்கள். வளர்ந்து பெரியவர்களான பின்பும் அந்த வடுவைப் பற்றி எழுதுகிறார்கள். 2007-இல் திட்டத்தை நிறுத்தி, எல்லா மாணவருக்குமான பொது நலத் திட்டமாக மாற்றினார்கள்.

பெற்றோருக்கு எண்ணை அனுப்பினால் மட்டும் போதுமா? கலிஃபோர்னியாவில் 79 பள்ளிகளில் ஏறக்குறைய 29,000 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 2020-இல் வெளிவந்த முடிவு: பி.எம்.ஐ. அறிக்கை வீட்டுக்குப் போனதால் எடையில் எந்த மாற்றமும் இல்லை. பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் எடை மீது அதிருப்திதான் கூடியது. ஆகவே நான் கேட்பது இன்னொரு தாளை வீட்டுக்கு அனுப்பும்படி அல்ல. ஆசிரியரும் தாயும் தந்தையும் உட்கார்ந்து பேசும் கால் மணி நேரம். அந்தப் பேச்சு எடையில் தொடங்கக் கூடாது. “பலகை ஏறும்போது போன தடவையைவிட நல்லா செய்றா, ஆனா தண்டால் வரல, கையில பலம் வேணும்” என்று தொடங்கினால் எந்த வீட்டிலும் கேட்பார்கள்.

திடல், கெண்டின், வேன்

அளந்த பிறகு செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. உடற்கல்விப் பாடத்தை மற்ற பாடங்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆரை 2021-இல் எடுத்துவிட்டார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைத் திடலுக்கு விடாமல் பயிற்சித் தாள் கொடுக்க அதற்குப் பின் என்ன காரணம் மிச்சம்? 5 முதல் 17 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2019-இல் வெளிவந்த 146 நாடுகளின் கணக்கில் 11 முதல் 17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அதை எட்டவில்லை, பெண்பிள்ளைகளில் 85. நம் வீடுகளில் பெண்பிள்ளை பெரியவளானதும் திடலிலிருந்து முதலில் விலக்கப்படுகிறாள். மகனுக்குக் காற்பந்துக் காலணி வாங்கித் தரும் தகப்பன், மகளுக்கு என்ன வாங்கித் தருகிறார் என்று ஒவ்வொரு வீடும் யோசித்துப் பார்க்கட்டும்.

அடுத்து கெண்டின். வறுத்த மீ, நகெட், சோசேஜ், சிவப்பு சிரப். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு அரசு 1979 முதல் கொடுத்துவரும் இலவச உணவுத் திட்டம் நல்ல திட்டம். பலருக்கு அதுவே நாளின் முதல் முட்டை, முதல் பழம். அதைத் தாண்டி மற்ற தட்டுகளில் என்ன இருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். இனிப்பு பானங்களுக்கு 2019 ஜூலை முதல் நாட்டில் வரி உண்டு. வீட்டில் நாமே டின் பாலும் சர்க்கரையும் போட்டுக் கலக்கும் மைலோவுக்கு யார் வரி போடுவது? காலையில் அதைக் குடித்து, பத்து மணிக்கு சிரப் குடித்து, வேனில் ஒரு பாக்கெட் தண்ணீர் குடிக்கும் பிள்ளைக்கு இனிப்பு சாப்பாட்டிலிருந்து வரவில்லை.

வேனை நிறுத்த முடியாது. பெற்றோர் இருவரும் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளில் ‘ஷிஃப்ட்’ பார்க்கும் காலம். ஆனால் பள்ளிக்குச் சீக்கிரம் வந்து இறங்கும் பிள்ளைகளை மண்டபத்தில் வரிசையாக உட்கார வைப்பதற்குப் பதில் திடலில் விடலாம். மணி அடிக்கும் முன் இருபது நிமிடம் கயிறு தாண்டல், ஓடிப்பிடி, கபடி. காலை வெயில் ஏறாத நேரம்.

பீடோங் அருகே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, ம.இ.கா. கட்சியின் கல்விக் கழகம் கட்டியது, மருத்துவ மாணவர்கள் நிறையப் பேர். பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளில் அளவெடுக்கும் நாளில் பத்துப் பேர் வந்து நின்றால் உயரமும் எடையும் துல்லியமாக அமையும். ஆசிரியருக்கும் பெற்றோரோடு பேச நேரம் கிடைக்கும். சுகாதார அமைச்சின் பள்ளிச் சுகாதாரக் குழு முதலாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் வந்து பார்க்கிறது. கண் சோதனை, தடுப்பூசி எல்லாம் அதில் அடக்கம். இந்த இரண்டு வருகைக்கும் இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் பிள்ளையின் உடல் மாறிக்கொண்டே இருக்கும் காலம். அந்த இடைவெளியை நிரப்பப் பள்ளியிடம் இருக்கும் ஒரே ஏடு செகாக்.

வீட்டிலேயே பார்க்க

பள்ளி எண்ணுக்காகக் காத்திருக்காமல் பெற்றோர் தாமே செய்யக்கூடியதும் உண்டு. ஆஸ்துமா, இதயக் கோளாறு, அடிக்கடி மயக்கம் உள்ள பிள்ளைகளை மருத்துவரிடம் கேட்காமல் சோதிக்க வேண்டாம். மற்றவர்களுக்கு, உறுதியான ஒரு படிக்கட்டோ பலகையோ போதும். முழங்காலுக்கு மேல் உயரம் வேண்டாம். படியின் உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் இலவச மெட்ரோனோம் செயலியை இறக்கி 96-இல் வையுங்கள். மூன்று நிமிடம் ஏறி இறங்கச் சொல்லி, நின்ற உடனே உட்கார வைத்து, கழுத்தில் விரல் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் நாடியை எண்ணுங்கள். நீங்களும் கூடவே ஏறுங்கள். பிள்ளைக்கு அது விளையாட்டாகிவிடும், உங்கள் நாடியும் தெரியவரும். பிறகு தையல் நாடாவால் இடுப்பையும், சுவரில் கோடு போட்டு உயரத்தையும் அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். எடை வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே படி, அதே காலை நேரம், சாப்பிடும் முன். வெள்ளிக்கிழமை காலை வசதி. கெடாவில் அன்று பள்ளி விடுமுறை.